கோட்டுக்கு வலப்பக்கம்

கண்டியிலிருந்து தெல்தெனிய போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, விமானம் போகும் பாதையைக் கோடாகக் காட்டும் வரைபடத்தைப் போனில் பார்த்தபடி, "என்னங்க, புள்ள வர்ற ப்ளேன் ரோட்ட விட்டு வெலகிப் போகுது" என்றார்.

"வானத்துல என்ன ரோட்டோரத் தண்ணிக் கானா இருக்கு, சறுக்கி விழ?" என்றார் அவர் கணவர்.

"வெளையாடாதீங்க. கோடு இங்க இருக்கு, ப்ளேன் வலப்பக்கமா போகுது. கீழ முழுக்கக் கடலு."

முப்பது வருடம் வானில் விமானங்களை இடைவெளி விட்டு அனுப்புவதே என் வேலையாக இருந்தது. ஒரு வார்த்தையில் அந்தப் பயத்தைத் தீர்த்திருக்கலாம். வாயைத் திறந்தால் வழி முழுவதும் கேள்வி கேட்பார்களே என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குண்டசாலையில் அந்த அம்மா அழத் தொடங்கியபோதும் திரும்பவில்லை.

திகனயில்தான் கணவர், விமான நிலையத்தில் வேலை செய்யும் தன் தம்பியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, அது வேணும்னே தள்ளி ஓட்டுறது. ஒரே பாதையில மேலயும் கீழயும் ப்ளேன் போகும். ஒண்ணு உயரம் தவறினாலும் மத்ததுல மோதாம இருக்கத்தான் ஒரு மைல், ரெண்டு மைல் வலப்பக்கம் ஒதுங்கிக்குவாங்க. அதுக்கு அனுமதி இருக்கு."

"அப்ப ஒதுங்கிப் போறதுதான் நல்லதா?"

"ஆமா அண்ணி. எதிர்ல பஸ் வந்தா ஒதுங்குறதில்லையா?"

"நம்ம டிரைவர்மாரு எங்கடா ஒதுங்குறாங்க?" என்றார் கணவர்.

அம்மா சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நான் பொலம்பி ஒங்களையும் பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

நான் பயப்படவே இல்லை. அதைச் சொன்னால், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்; மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.