நாலாவது குரல்

இது ஹனீபா அண்ணன் கடைத் தேநீர்தானே? எங்கள் வீட்டுக்கு எதிரேதான் அவர் கடை. ஆறிவிட்டால் வாயில் வைக்க முடியாது. ஐயா குடித்துக்கொண்டே கேளுங்கள், எனக்கு அவசரமில்லை.

வாக்குமூலம் எழுதுவதானால் முதலில் இதை எழுதுங்கள்: தீயை நான் வைக்கவில்லை. அடுப்புத் தணல் தெறித்து விறகில் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிப்பவன். அமெரிக்கர்களின் திகில் கதைகளையும், அவற்றிலிருந்து எடுத்த படங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி வந்தேன். எங்கள் இலக்கியக் கழகத்தில் அதைக் கேட்டுக் கொட்டாவி விடாதவர் பாக்கியநாதன் ஒருவர்தான். அவரும் என் சக ஆசிரியர். மறுத்துப் பேசுவதற்காகவே விழித்திருப்பார்.

"பேசும்படம் வந்த பெறகு புத்தகத்துக்கு யாரு சார் பயப்படுறா? பேயக் கண்ணால பாத்தாத்தான் லா பயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கண்ணால் பார்த்த பயம் கொட்டகை வாசலோடு தீர்ந்துவிடும், காதால் கேட்ட பயம் வீடு வரை வரும் என்பது என் கட்சி. அதை நிரூபிக்க, புத்தகமும் படிக்காத, படமும் பார்க்காத ஒரு மனம் வேண்டியிருந்தது. என் மனைவி மார்த்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படம் பார்ப்பதே பாவம் என்று நினைப்பவள்.

ஒரு கதையை எடுத்தேன். பனிக்காட்டில் மரவீடு, உள்ளே தனியாக ஒரு பெண். செத்துப்போன ஏதோ ஒன்று கதவுக்கு வெளியே நின்று அவள் புருஷன் குரலில் அழைக்கிறது. அது வருமுன் புகை நாற்றம் வரும். படத்தில் முகத்தைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்தார்கள்; புகை நாற்றத்தை விட்டேவிட்டார்கள், திரைக்கு ஏது வாசம்? நான் மாலைக் காப்பிக்குப் பிறகு அவளுக்குத் தமிழில் சொன்னேன். பனியை எடுத்துவிட்டு, டத்தோ கிராமாட் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டையே வைத்தேன். நம் ஜனங்கள் நம்புவதையும் சேர்த்துக்கொண்டேன்: பேய் மூன்று முறைதான் கூப்பிடும், நாலாவது முறையும் கூப்பிட்டால் மனுஷன்.

"நெசமாவாங்க?" என்றாள்.

"நெசந்தான்" என்றேன்.

அன்றிலிருந்து நான் வெளியே போனதும் அறைக்குள் தாழ் போட்டுக்கொள்வாள். திரும்பி வந்து நாலு முறை கூப்பிட்டால்தான் திறப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. பாக்கியநாதனிடம் சொன்னேன்.

"அது சும்மா பழக்கம் சார். உசுருக்கு ஆபத்துன்னா கதையாவது ஒண்ணாவது, ஓடி வந்துருவாங்க" என்றார். ஐயா, அந்தப் பேச்சை அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் வீடு திரும்பியபோது சமையற்கட்டுப் புகை கூடத்துக்கு வந்திருந்தது. அறைக்குள் மார்த்தா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் புகையை அவள் என்னவென்று நினைத்திருக்கிறாள் என்பது உடனே புரிந்தது. கூப்பிட்டேன். வாசலில் ஹனீபா அண்ணன் வந்து நின்றார்.

"சார், கதவ ஒடைச்சிருவோம் லா."

"நீங்க தண்ணி கொண்டாங்கண்ணே. அவளே தொறப்பா" என்று அனுப்பினேன். தெருவில் ஓடும்போதும் என் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டேன் என்று அவர் உங்களிடம் சொன்னது சரிதான்.

மூன்றாவதற்குப் பிறகு உள்ளே ஜெபம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தாழ்ப்பாளில் கை பட்ட ஓசை கேட்டது. இருமிக்கொண்டே காத்திருந்தாள். எனக்கு அவள் மேல் உயிர், ஐயா. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அத்தாப்பு ஓலைக் கூரை சரியத் தொடங்கியபோதுதான் வெளியே வந்தேன்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பாள். அப்புறம் பாக்கியநாதனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கட்டுரையை நேற்று முடித்துவிட்டேன். மார்த்தா பெயருக்குத்தான் சமர்ப்பணம். தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.