நோயுள்ள செடியைத் தனியே வைக்க வேண்டும்

மாவுப்பூச்சியைப் பார்த்ததும் பலர் பஞ்சு ஒட்டியிருக்கிறதென்று நினைத்து ஊதிப் பார்ப்பார்கள். ஊதினால் போகாது. இலையும் தண்டும் சேருகிற இடுக்கில் குடும்பம் குட்டியோடு உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலை பிசுபிசுக்கும், எறும்பு வரிசை கட்டும். எறும்பு ஏறுகிற தொட்டியை ஒருநாளும் நம்பாதீர்கள். செடிக்கடையில் எனக்கு இதுதான் வேலை. வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் வாடின இலையைப் பையில் போட்டு எடுத்து வருவார்கள். நான் லென்ஸை வைத்து அடிப்பக்கம் பார்த்து, இது செதில்பூச்சி, இது சிலந்திப்பேன் என்று சொல்லி மருந்து எடுத்துக் கொடுப்பேன். 'பூச்சி டாக்டர்' என்று கேலி செய்வார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நீங்கள் கேட்டது அக்காவைப் பற்றி. அங்கேதான் வருகிறேன்.

நான் ஒண்டிக்கட்டை. அத்தான் போன பிறகு அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தேன். மாடி வீடு, இரண்டே அறை, ஜன்னலுக்கு ஜன்னல் மணிபிளான்ட், ரப்பர் செடி, குரோட்டன்ஸ். அவள் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பயம் உண்டு. ஆளில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது, பட்டப்பகலிலும் முடியாது. ஃபிரிட்ஜ் உறுமினால்கூட வாசலுக்கு ஓடுவேன். அக்கா காய் வாங்கப் போனால் நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். யாராவது கேட்டால் காற்று வாங்குகிறேன் என்பேன்.

பிள்ளை அவளைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஃபோன் செய்தான். அப்போது குரோட்டன்ஸில் நிஜமாகவே மாவுப்பூச்சி இருந்தது. "செடியெல்லாம் இப்படிக் கெடக்கும்போது விட்டுட்டு எப்படிடா வர்றது? கொஞ்சம் தேறட்டும்" என்றாள் அக்கா. நானும் அவளும் சேர்ந்துதான் மருந்து பார்த்தோம். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும், பிறகு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீரை இலையின் அடியில் அடிக்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டு விட்டால் முட்டை பொரித்துத் திரும்ப வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். செடி தேறியது. அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

மறுநாள் கடையில் குப்பைக்குப் போகவிருந்த செடியிலிருந்து கொஞ்சம் மாவுப்பூச்சியை ஒரு டப்பாவில் வழித்து எடுத்து வந்தேன். அக்கா குளிக்கும்போது பிரஷ் நுனியால் இடுக்குகளில் வைத்தேன். அவள் துடைப்பாள், நான் வைப்பேன். ஒரு செடியையும் நான் சாகவிடவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி பரணுக்கே திரும்பிப் போனது.

பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "செடிய யாருக்காவது குடுத்துடுங்கம்மா, டிக்கெட் போட்டாச்சு" என்றான். என்னையும்தான் கூப்பிட்டான். "சித்தி, நீங்களும் வாங்க, ரூம் இருக்கு." நல்ல பையன். ஆனால் அங்கே மருமகள் இருப்பாள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு மிச்சம் வருகிற அக்கா எவ்வளவு இருப்பாள்? நான் வரவில்லை என்றேன். அக்கா என் தலையைத் தடவிவிட்டு, செடிகளைப் பக்கத்து வீட்டில் கொடுக்க ஆரம்பித்தாள். தொட்டிகள் போகப் போக அறை பெரிதானது.

வேரில் ஊற்றினால் செடியின் சாறு முழுக்கப் பரவுகிற மருந்து ஒன்று உண்டு. உறிஞ்சுகிற பூச்சி தானாக விழும். வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நானே படித்துப் படித்துச் சொல்வேன். அதைக் கொஞ்சமாக அக்காவின் பாலில் கலந்தேன். சாகிற அளவு இல்லை. வயிற்றைப் புரட்டும், கை நடுங்கும், விமானத்தில் ஏற முடியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நோயுள்ள செடியைத் தனியே வைக்க வேண்டும், அது எங்கள் தொழிலில் பாலபாடம். அவளை உள்ளறைக்கு மாற்றினேன். ஃபோன் தூக்கத்தைக் கெடுக்கும் என்று நானே வைத்துக்கொண்டு, டாக்டர் பார்த்துவிட்டார், ஓய்வு போதும் என்று பிள்ளைக்குச் செய்தி அனுப்பினேன். கடைக்குக் கிளம்பும்போது அறையைப் பூட்டிக்கொண்டு போனேன். தலைசுற்றி விழுந்துவைத்தால் யார் தூக்குவது?

அந்த அறையில் ஒரே ஒரு குரோட்டன்ஸ் இருந்தது. ஒருநாள் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து அதில் பிரஷை வைத்தேன். பழக்கதோஷம். திரும்பினால் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீதான் வைக்கிறியா?"

அக்காவிடம் நான் பொய் சொல்வதில்லை. "ஆமாக்கா" என்றேன்.

செடியைப் பார்த்தாள். பிறகு பால் டம்ளரைப் பார்த்தாள். "இதுலயுமா?"

"குடிச்சிடுக்கா, ஆறிடும்" என்றேன். பூட்டும் சாவியும் என் கையில் இருந்தன, கிளம்பும் நேரம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பல் டம்ளரில் தந்தியடித்தது. தெரிந்தே குடித்தாள், கவனியுங்கள். பாசம் இல்லாமல் யாராவது அப்படிக் குடிப்பார்களா?

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை இல்லை. எதைச் சொன்னாலும் சரி என்றாள். சரி கூட இல்லை, "சரிங்க" என்றாள். எனக்குப் பாவாடை கட்டிவிட்டுக் காதைத் திருகி வளர்த்தவள் என்னை "வாங்க, உக்காருங்க" என்று பேசினாள். கடைசியில் தங்கையின் அருமை புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் நல்ல காலம். பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பூட்டை உடைத்திருக்க வேண்டாம்.

அக்கா பிழைத்துக்கொண்டாள் என்று சொன்னீர்கள், சந்தோஷம். ஆஸ்பத்திரியில் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாளாம், பிள்ளையின் கையை விடமாட்டேன் என்கிறாளாம். எனக்கு ஆச்சரியமில்லை. நான் வந்து சேர்ந்த பிறகு என்னைப் பிரிந்து அவள் இருந்ததே இல்லை, பயந்துபோயிருப்பாள். தயவுசெய்து யாராவது போய்ச் சொல்லுங்கள், நான் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று.