பெட்டிச் சாவி

சுரண்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் டெலிபோன் வேலைக்கான பை.

“கண்ணு தெரியாதவருதாம்லே என் மானத்தைக் காப்பாத்துனாரு” என்றார் அவர்.

“யாரு?”

“ஆஸ்பத்திரி போன் ஆபரேட்டர் அண்ணாச்சி. இனிமே போனை மெஷினே எடுக்கும், அவரு வேண்டாம்னுதான் என்னைப் புதுசு மாட்டக் கூப்பிட்டாங்க. நான் நம்பர் எழுதாமலே வார்டு லைனெல்லாம் வந்து சேருத போன் பெட்டியில இருந்த பழைய வயரை எல்லாம் கழட்டிட்டேன். எது எந்த வார்டுன்னே தெரியல.”

“கிழிஞ்சுது போ!”

“அவரு ஒவ்வொரு வயரா மாட்டி ரிங் விடச் சொன்னாரு. அங்கன எடுத்தவங்க வாயைத் திறக்குமுன்னே சொல்லுதாரு, ‘இது பிரசவ வார்டு, ஃபேன் கிறீச்சிடுது. இது மருந்து ரூம், பிரிட்ஜ் இரையுது.’ ஒண்ணுகூடத் தப்பலலே!”

“அப்ப அவரு வேலை?”

“பெரிய டாக்டர் பின்னால நின்னு கேட்டாரு. ‘போனை இவரே எடுக்கட்டும்’னுட்டாரு. பெட்டிச் சாவியை அண்ணாச்சி கையிலதான் குடுத்துட்டு வாறேன்.”

நண்பர் கண்ணை மூடி, பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.