கேள்வி கேட்காத பென் டிரைவ்

இரவு எட்டு மணி இருக்கும். யட்டவத்தை ஊரைத் தாண்டி உள்ளே போகும் ரோட்டில் ஈ காக்காய் இல்லை. மழை விட்டு, ஈர மண்ணும் மிளகுக்கொடியும் மணத்தன... நம்மோடு வேலை செய்யும் டொறீனுடைய தம்பி ஷெல்டன், தனியாக பைக்கில் போனான். அங்கே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. இடி விழுந்து கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதால், சரிசெய்ய அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஷெல்டனிடம் அவனே தயாரித்த பென் டிரைவ் ஒன்று இருந்தது. செருகி மெஷினைப் போட்டால் போதும். மெஷினில் உள்ள பழையதையெல்லாம் அழித்துவிட்டு, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தானாகவே ஏற்றிவிடும். எதையும் கேட்காது. கேட்கவேண்டிய எல்லாவற்றுக்கும் பதிலை அவன் முன்பே எழுதி வைத்திருந்தான்.

மற்ற மெஷின்களெல்லாம் முடிந்தன. கடைசியாக மூலை அறை மெஷின். செருகினான்... ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் நர்ஸ் அஜிதா எட்டிப் பார்த்தாள்.

"அந்த மெஷின்ல மட்டும் கை வச்சிடாதீங்க தம்பி. நோயாளிங்க விவரமெல்லாம் அதுலதான் இருக்கு."

சொல்லிவிட்டு மேலே ஓடினாள். மேலே நினைவில்லாமல் ஒரு கர்ப்பிணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆப்பரேஷன். எந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அந்த மெஷினுக்குள் மட்டும்தான்.

பென் டிரைவைப் பிடுங்கினான். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினான். மெஷினின் விசிறி நின்றது... திரையில் எழுத்து மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே டிக்... டிக்... என்று ஒரு சத்தம். முடி கருகும் நாற்றம். முழங்காலில் விழுந்து, மாதாவே, நிறுத்துங்க என்று கதறினான்.

நின்றது.

ஒருநாளும் எதையும் கேட்காதது, அன்றைக்குத் தமிழில் கேட்டது.

"இதை விட்டுவிட்டால், வேறு எதை அழிப்பது?"

கீபோர்டில் அடித்தான்... எதை வேண்டுமானாலும்.

திரை அணைந்தது. வயரைச் செருகிப் பார்த்தால் விவரமெல்லாம் அப்படியே இருந்தது. மேலே குழந்தை அழும் சத்தம் கேட்ட பிறகுதான் பைக்கை எடுத்தான்.

வஹகோட்டையில் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். மனைவி மதுஷிகா பாதி திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மகள் அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"மது... நான்தான்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து வரும் காலடி...

"யாரு மது, இந்த நேரத்துல?"

அது ஷெல்டனுடைய சொந்தக் குரல்.