அச்சில் வராத தம்பி

"படுங்க! எல்லாரும் கீழ படுங்க!"

அப்பாவின் குரல். மூன்று விமானங்கள். முதலில் வண்டு இரைவது போல ஒரு சத்தம். பிறகு தகரக் கூரையில் கல்மாரி விழுவது போல. பள்ளத்தில் முகம் புதைத்துக் கிடக்கிறேன். வாயெல்லாம் மண். சத்தம் ஓய்கிறது. எழுகிறோம். சித்தப்பா எழவில்லை.

1942. மாசி மாதமாக இருக்கும். தேதி தெரியாது. எனக்கு ஒன்பது வயது. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து ஊருக்கு நடந்து வருகிறோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான், நாலு வயதுத் தம்பி மாரியப்பன், கைக்குழந்தை செல்வம்.

சித்தப்பாவைப் புதைக்கவில்லை. நிற்க முடியாது. மலையேறினோம். மலையில் அப்பாவுக்கு வாந்திபேதி. ஒரே பகல். போய்விட்டார். அடுத்து அம்மாவுக்குக் காய்ச்சல். பால் வற்றிவிட்டது. மாரியப்பனுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளையும் சுமக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. எனக்கும் இல்லை. மூங்கில் நிழலில் சேலைத் துண்டை விரித்தாள். செல்வத்தைக் கிடத்தினாள். மாரியப்பனைத் தூக்கினாள்.

"திரும்பிப் பாக்காத! நட!"

நடந்தேன். அழுகை கேட்டது. வளைவு திரும்பும்வரை கேட்டது.

நாற்பது வருடம் கழித்து நெய்வேலி. மாரியப்பன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். அம்மா அவனுடைய குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாள். ஷிஃப்ட் சங்கு ஊதினால் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். நான் டவுன்ஷிப்பில் டீச்சர். அடுத்த பிளாக்.

குலதெய்வக் கோயில் குடமுழுக்கு மலருக்கு வம்ச வரலாறு எழுதும் பொறுப்பு மாரியப்பனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் படித்துக் காட்டினான். "செல்வம், பர்மாவிலிருந்து வரும் வழியில் காய்ச்சல் கண்டு இறந்தான்." சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். உண்மை எனக்குத் தெரியும். அது அம்மாவின் துக்கம். அவளைக் கேட்காமல் அதை எடுத்து ஊருக்குக் காட்ட நான் யார்?

அம்மாவே பேசினாள்.

"காய்ச்சல் எனக்குடா. அவனுக்கில்ல. அவன் உசுரோடதான் கெடந்தான். உன்னையத் தூக்குனேன். அவன எறக்கிட்டேன்."

மாரியப்பனின் கை தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

"இத எழுத வேணாம்மா. பேரப் புள்ளைங்க படிக்கும். உன்னைய என்னன்னு நெனைக்கும்?"

"என்னைய என்ன வேணா நெனச்சுக்கட்டும். சாகாத புள்ளையச் செத்தான்னு எழுதாத."

அவள் அழவில்லை. அவன் அழுதான். அழுதுகொண்டே அந்த வரியை அடித்தான். அம்மா சொன்னதை அப்படியே எழுதினான்.

பங்காளிகள் ஒப்பவில்லை. பெற்றவளே பிள்ளையைப் போட்டுவிட்டு வந்தாள் என்று அச்சடித்தால் குலத்துக்கு இழுக்காம். மலர் வந்தது. அதில் செல்வத்தின் பெயரே இல்லை. மறுவருடம் அம்மா இறந்தாள். காரியம் முடிந்த அன்று மாரியப்பன் சொன்னான்.

"நீ எழுதுக்கா. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. பாத்தது நீதான்."

எழுதுகிறேன். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும். அந்த அழுகை எப்போது நின்றது என்று தெரியாது. பின்னால் வந்தவர்கள் யாராவது எடுத்தார்களா, தெரியாது. எடுத்தார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன்.

ரங்கூனிலிருந்து புறப்பட்டவர்கள் ஆறு பேர். ஊர் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். வழியில் இறந்தவர்கள் இரண்டு பேர். சித்தப்பா வேலு. அப்பா சுப்பையா. விட்டுவிட்டு வந்தது ஒருவனை. செல்வம். அவனுக்கு இன்னும் பல் முளைத்திருக்கவில்லை.