நாடியைப் பிடிக்கிற புனிதர்

தந்தப் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது, ஐயா, வெடித்துவிடும். இந்த நிழலிலேயே பாருங்கள். கையில் தரமாட்டேன். கொழும்பு நூதனசாலையிலிருந்து பழம்பொருள் பார்க்க வந்தவர் என்கிறீர்கள், இருக்கலாம். பெட்டியின் கதை முழுவதும் வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன்.

கடற்படைத் துரை ஒருவரின் குசினியில் சமையல் வேலை செய்தேன். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன வருசம், சாமான் கட்டும்போது துரைசாணி இதைத் தந்தார். நான் களவெடுக்கவில்லை.

அலுமாரியில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கிறேஸ் பார்த்துவிட்டு முழங்காலில் விழுந்தாள். மூடியில் செதுக்கியிருக்கிற கோட்டைக்கு மேலே நின்று பெண்கள் ரோசாப்பூ எறிகிறார்கள், கீழே இரும்புச் சட்டை போட்ட ஆண்கள். அது மோட்சம், அவர்கள் வேதசாட்சிகள் என்றாள். பக்கத்தில் ஒருத்தி, முழங்காலில் நிற்கிறவனுக்கு மலர்முடி சூட்டுகிறாள். அது மாதா. அப்படியானால் உள்ளே புனிதர் ஒருவரின் எலும்பு இருந்திருக்கும், இது அருளிக்கப் பெட்டி. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சனம் வரத் தொடங்கியது. காய்ச்சல்காரர் வந்தார்கள், பிள்ளையில்லாதவர்கள் வந்தார்கள். முன்பு என் வாசலில் நின்றுகூடக் கதைக்காதவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பங்குச் சாமியார் பெட்டியைக் கேட்டார். கொடுக்கவில்லை. சாமியாரையும் நான் நம்புவதில்லை.

என் மகன் மைக்கல் இன்பமலரைக் கட்டிக்கொண்டு வந்தான். வாய்க்காரி. ஒருநாள் செபத்துக்கு நடுவில், சனத்துக்கு முன்னால், பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒருவன் ஒருத்தியின் முகவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"மாமா, மாதாவின்ர நாடியைப் பிடிச்சுக் கொஞ்சுற இந்தப் புனிதர் ஆர்?"

"வாயைப் பொத்தடி. சாபம் விழும்," என்றாள் கிறேஸ்.

"விழட்டும் அக்கா. இதுகள் காதல் சோடியள். எங்கட மனுசன்கூட இவ்வளவு வடிவாப் பிடிக்கமாட்டார்."

சிலர் சிரித்தார்கள். அடுத்த கிழமை வந்தவர்கள் குறைவு. நான் அவளை ஒரு சொல் ஏசவில்லை.

பிறகு அவள் பிள்ளைத்தாய்ச்சி. வலி கண்ட அன்று மைக்கல் இறக்கக்கண்டி மீன்வாடியில், கடல் தொழிலில் நின்றான். மருத்துவிச்சி ரபீக்கா அறையிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"யோசேப்பண்ணே, புள்ள குறுக்க கெடக்கு. என்னால ஏலா. கார் ஒண்டு புடிங்க, ஆசுபத்திரிக்குப் போவம்."

வாசலில் சனம் நின்றது. அவர்கள் பார்த்தது அறையை அல்ல, என்னை. அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால், பெட்டியால் ஒன்றும் ஏலாது என்று நானே சொன்னதாகும். யோசித்துத்தான் செய்தேன். மகன் கார் கொண்டு வருகிறான் என்று பொய் சொல்லி ரபீக்காவை வீட்டுக்கு அனுப்பினேன். பெட்டியை அவளுடைய தலைமாட்டில் வைத்தேன். அறைக் கதவைப் பூட்டினேன். அருளிக்கத்தோடு அவள் தனியே இருக்க வேண்டும், நீங்கள் செபமாலை சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் அவளுடைய சத்தம் அவர்களுக்கு அதிகம் கேட்கவில்லை. பொழுதுபடும்போது அவளுடைய சத்தம் நின்றது. பிள்ளை வெளியே வரவேயில்லை.

மகனிடம், அவள்தான் ஆசுபத்திரிக்கு மாட்டேன் என்றாள், பெட்டியைத்தான் கேட்டாள் என்றேன். அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போவதில்லை. மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு இதற்கு முன்னால் இருக்கிறான். உள்ளே இருமுகிறவன் அவன்தான். மெல்லக் கதையுங்கள்.

இது காதல் பெட்டி என்று நீங்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கலியாணத்துக்கு முன் துரை கொடுத்த நகைப்பெட்டி, இப்போது துரைக்கு வேறொருத்தி, இது என் கண்ணில் படக் கூடாது என்று சொல்லித்தான் துரைசாணி தந்தார்.

நான் கல்மனசுக்காரன் இல்லை. கதவைப் பூட்டின திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியிலேயே இருந்தேன். மன்னிப்புக் கேட்டால் திறக்கலாம் என்று இருந்தேன். கேட்டாள். "மாமா, நான் சிரிச்சது பிழை, திறவுங்கோ," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வலியில் மனிதர் எதையும் சொல்வார்கள், ஐயா. அது மனதார வரட்டும் என்று காத்திருந்தேன்.