ஆம்புலன்சுக்கு முன்னால் ஓடியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் கழுத்தில் அரை மராத்தான் ஓடி முடித்த பதக்கம்.

“எனக்குப் பின்னால ஆம்புலன்ஸ் மட்டுந்தான் வந்துச்சு,” என்றார் அவர்.

“அப்ப நீதான் கடைசியா?”

“ஆமா. வண்டில ஏறிக்கோன்னு ரெண்டு தடவ சொன்னாவ. மாட்டேன்னுட்டேன்.”

“ஏளா, கால் வலிச்சிருக்குமே?”

“வலிச்சுது. அழுதுக்கிட்டேதான் ஓடுனேன். முடிக்க மாட்டேன்னுதான நீங்க நெனச்சிய?”

கண்டக்டர் வந்ததும் கணவர் எழுந்து நின்றார். டிக்கெட் கேட்பதற்கு முன்பே, மனைவியைக் காட்டி, பஸ் முழுக்கக் கேட்கும்படி இந்தியில் சொன்னார்: “இவள் என் மனைவி. இருபத்தோரு கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள்.”